ஒற்றைப் பெட்டியில் உருமி

மகேந்திரனுக்குக் கோபம் வந்தால் பேச மாட்டான், தட்டுவான். நடுவிரலை மடக்கி மேசையில் இரண்டு தட்டு. தண்ணீர் வேண்டும் என்றாலும் இரண்டு தட்டு, ஃபேனைக் குறை என்றாலும் இரண்டு தட்டு. என்ன கேட்கிறான் என்பதை எதிரில் இருப்பவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் ஸ்டூடியோவில் அவனுடைய மேளக் குழுவின் பாட்டைப் பதிவு செய்த மூன்று நாட்களில் ஒரு நாள் என்னோடு கோபித்துக்கொண்டான். அன்றைக்கு முழுக்க என் மேசை அடி வாங்கியது. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று கத்தினேன். அதற்கும் தட்டினான்.

அவன் போய் இரண்டு மாதம் ஆகிறது. அந்தத் தட்டு மட்டும் போகவில்லை. அதைப் போகவிடாமல் செய்தவன் நான்தான், அதனால் இதை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சன்னாசி. நாற்பத்தாறு வயதுக்காரனுக்கு இந்தக் காலத்தில் இந்தப் பெயர் இருக்கலாமா என்று கேட்காதீர்கள். அப்பா தன் தாத்தாவின் பெயரை என் தலையில் கட்டிவிட்டார். ஜெலாப்பாங்கில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கோயில் பாட்டு, கல்யாணப் பாட்டு, வானொலி விளம்பரம், உருமி மேளம், எது வந்தாலும் செய்வேன். சுருதி தவறிப் பாடுகிறவர்களைச் சுருதியில் நிற்க வைப்பது, விட்டுப்போன அடியை வேறு இடத்திலிருந்து வெட்டி வந்து ஒட்டுவது, இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மகேந்திரன் இதையெல்லாம் வாயைப் பிளந்து பார்ப்பான். வீட்டுக்குப் போய் மனைவி துளசியிடம், "அண்ணன் கம்ப்யூட்டர்ல இல்லாத சத்தத்தக்கூட வர வைப்பாரு" என்று பெருமையடிப்பான். அந்தப் பெருமை பின்னால் எனக்கே வினையாகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

என் தொழிலில் முதல் நாளே சொல்லித் தரும் விதி ஒன்று உண்டு. கனத்த சத்தத்தை நடுவில் வை. நாயனத்தை வலப்பக்கம் தள்ளு, ஜால்ராவை இடப்பக்கம் தள்ளு, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நூற்றிருபது ஹெர்ட்ஸுக்குக் கீழே வயிற்றில் இடிக்கும் சத்தம் எதுவானாலும், அது நடுவில்தான் இருக்க வேண்டும். அதை இரண்டு பக்கமும் விரித்தால் ஹெட்போனில் ராஜா வீட்டுக் கல்யாணமாகக் கேட்கும். விரிப்பதற்கு மலிவான ஒரு வழி இருக்கிறது. ஒரே சத்தத்தை இரண்டாக நகல் எடுத்து, ஒன்றை இடப்பக்கம் அப்படியே வைத்து, மற்றதை வலப்பக்கம் தலைகீழாகப் புரட்டி வைப்பது. இரண்டு காதிலும் தனித்தனியாகக் கேட்கும்போது தலையைச் சுற்றி நிற்கும். இரண்டையும் ஒரே ஸ்பீக்கர்ப் பெட்டியில் சேர்த்தாலோ பத்தில் பத்து போனால் என்ன மிஞ்சுமோ அதுதான் மிஞ்சும்.

இது எனக்குத் தெரியாமல் நடந்திருந்தால் மன்னிப்பாவது கிடைத்திருக்கும்.

உருமிக்கு இரண்டு முகம். வலது முகத்தில் மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். இடது முகத்தில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் உருமி முனகும். சாமி இறங்குவது அந்த முனகலுக்குத்தான், குச்சி அடிக்கு யாரும் ஆடுவதில்லை. மகேந்திரன் தேய்த்தால் தரை வழியாக வந்து முழங்காலில் ஏறும். நான் இரண்டு முகத்துக்கும் தனித்தனி மைக் வைத்துப் பதிவு செய்தேன். அடியை நடுவில் வைத்தேன், முனகலையும் விதிப்படி நடுவில் வைத்தேன். மகேந்திரன் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இது டிவில வர்ற உருமி மாரி இருக்குண்ணே."

"வேற எப்படி இருக்கணும்?"

"மேளத்துக்குள்ள நின்னா எப்படி இருக்கும்? எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னே தெரியாது. தலையச் சுத்தும். அப்படி வேணும்ணே."

"கனத்த சத்தத்த விரிக்கக் கூடாதுடா. அப்புறம் ஒத்தப் பெட்டியில கேட்டா ஒண்ணும் இருக்காது."

"இப்ப யாருண்ணே ஒத்தப் பெட்டியில கேக்குறா? எல்லாரும் காதுல மாட்டிக்கிட்டுத்தானே அலையுறானுங்க?"

அன்றைக்குத்தான் அந்தக் கோபம், அந்தத் தட்டு. "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தான்ல கொண்டு போய்த்தான் சேக்கணும்" என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். எங்கள் ஊரில் அங்கே உள்ள பெரிய மனநல மருத்துவமனையின் பெயரைச் சொல்லாமல் எந்தச் சண்டையும் முடியாது. ஆனால் சாயங்காலமாவதற்குள் எனக்கே அலுத்துவிட்டது. முனகலை நகல் எடுத்தேன், புரட்டினேன், இரண்டு பக்கமும் விரித்தேன். ஹெட்போனை அவன் தலையில் மாட்டினேன். பாட்டின் நடுவில் எல்லா மேளமும் நின்று, நாற்பது விநாடி உருமி மட்டும் தனியாக வரும் இடம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டான். கையில் மயிர் குத்திட்டு நின்றது. "இதான்ணே" என்றான்.

அவன் கண்ணை மூடியிருக்கும்போதே நான் ஸ்பீக்கரைத் திறந்து அதற்கு மட்டும் மோனோ பொத்தானை அழுத்திப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்தது. முனகல் அப்படியே காணாமல் போனது. குச்சி அடி மட்டும் காய்ந்த பலகையில் தட்டுவது போல நின்றது. பொத்தானை விட்டேன். முனகல் திரும்பி வந்தது.

கேட்டேன், தெரிந்துகொண்டேன், விட்டேன். நாளைக்கு உட்கார்ந்து முனகலின் அடிப்பாகத்தை நடுவுக்குக் கொண்டு வந்து, மேல்பாகத்தை மட்டும் இரண்டு பக்கமும் லேசாக விரித்துவிடலாம் என்று நினைத்தேன். அரை மணி நேர வேலை. அவனுக்கு வித்தியாசம்கூடத் தெரிந்திருக்காது. மறுநாள் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்தது, அதற்கு மறுநாள் இன்னொன்று வந்தது. பாட்டு அப்படியே வெளியே போனது.

பதினோரு மாதம் கழித்து, மழை பெய்த ஒரு காலையில், ஃபேக்டரிக்கு ஷிப்ட் போகும் வழியில் மகேந்திரனின் மோட்டர் சைக்கிள் சறுக்கி லாரிக்கு அடியில் போனது.

எட்டாம் நாள் துக்கத்துக்குச் செமோரில் அவன் வீட்டுக்குப் போனேன். பழைய ரப்பர் தோட்டம் செம்பனைத் தோட்டமான பிறகு அங்கிருந்த சனங்கள் குடியேறிய தாமான் அது, நெருக்கி நெருக்கிக் கட்டிய வரிசை வீடுகள். படையல் சோற்றை வாழையிலையில் வைத்து வீட்டின் பின்பக்கச் சுவரில் வைத்திருந்தார்கள். எல்லாரும் சமையலறை சன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைனாக்கள் வந்து சண்டை போட்டுக்கொண்டு தின்றன. ஒரு காக்கா மட்டும் மின்கம்பத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறந்து போனது.

துளசி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கூடத்தின் மூலையில் உட்கார வைத்தாள்.

"கோவமாத்தான்ணே போயிருக்காரு."

"காக்காவுக்கு என்னம்மா தெரியும்? மைனா விரட்டிருச்சு."

"இல்லண்ணே. அன்னிக்குக் காலையில பெரிய சண்டை. ஞாயித்துக்கிழமை பிள்ளையோட ஸ்கூல் மீட்டிங்குக்கு வாங்கன்னா, சிம்பாங் பூலாய்ல மேளம் இருக்குங்குறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அந்த உருமியவே கட்டிக்கிட்டு அழுங்க, இந்த வீட்டுக்கு வராதீங்கன்னு சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் பேசல. மேசையத் தட்டுனாரு, ரெண்டு தட்டு. மோட்டர் சாவிய எடுத்துக் குடுத்தேன். போயிட்டாரு."

அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவியை நீட்டிய கை.

"பாட்டு வந்தப்ப இயர்போனக் கொண்டாந்து காதுல மாட்டிக் கேளுன்னாரு. வேல இருக்கு, பெறகு கேக்குறேன்னேன். பதினோரு மாசம்ணே. ஒரு வாட்டி கேக்கல."

அவர்கள் மேளக் குழுவில் ஒரு வழக்கம் இருக்கிறது. வாசிப்பவன் இறந்தால் அவன் வாத்தியத்தைப் பதினாறாம் நாள் வரைக்கும் வேறு கை தொடக்கூடாது. படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். பதினாறாம் நாள் கருமாதியில், குழுவில் எல்லாரும் தங்கள் வாத்தியங்களைக் கீழே வைத்து நிற்க, இறந்தவன் வாசித்த பாட்டை ஒரு முறை ஒலிக்க விடுவார்கள். அவன் கடைசியாக வாசித்து முடித்துவிட்டான் என்று அர்த்தம். பிறகு மனைவி அந்த வாத்தியத்தை எடுத்து அடுத்தவன் கையில் கொடுப்பாள். மகேந்திரனுக்கு அடுத்தவன் விக்னேஸ்வரன், குழுவில் தவில் வாசிப்பவன்.

"அன்னிக்குத்தான் நான் கேக்கப்போறேன்," என்றாள் துளசி. "எல்லாரு முன்னாலயும் கேக்கப்போறேன். அவருக்குக் கோவம் ஆறியிருந்தா உருமி பேசும். பேசும்லண்ணே?"

"பேசும்மா," என்றேன். "நான் பதிவு பண்ணுன பாட்டு. நான் பொறுப்பு."

சத்தியமாக, அந்த நிமிடத்தில் மோனோ பொத்தான் என் நினைவில் இல்லை. குழுவிடம் ஆள் உயரத்துக்கு இரண்டு பெரிய பாக்ஸ் உண்டு, அதில்தான் போடுவார்கள் என்ற எண்ணம் வேறு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது, அந்தத் தெளிவுக்காக எதையும் சொல்லியிருப்பேன்.

பதினாறாம் நாள் காலையில் ஆற்றங்கரைச் சடங்கு முடித்துப் பதினோரு மணிக்கு பாலாய் ராயா மண்டபத்துக்கு வந்தார்கள். நான் போனபோது படத்துக்கு மாலை போட்டு, முன்னால் உருமியை வைத்து, விளக்கேற்றியிருந்தார்கள். பெரிய பாக்ஸ் இரண்டையும் தேடினேன். இல்லை. படத்துக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்த கரோக்கே பெட்டி ஒன்று நின்றது. ஒற்றைப் பெட்டி. விக்னேஸ்வரன் அதன் கலர் விளக்குகள் மின்னாமல் இருக்க ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டிருந்தான்.

"பாக்ஸ் எங்கடா?"

"பக்கத்துல தடிக்கா நடக்குதுண்ணே. சின்னப் பிள்ளைங்க படிக்கிற நேரம், பெரிய பாக்ஸ் வேணாம்னுட்டாங்க. இது போதும்லா, நல்லாக் கேக்கும்."

அப்போதுதான் மோனோ பொத்தான் ஞாபகம் வந்தது. "கொஞ்சம் இரு" என்றேன். "ஏண்ணே?" என்றான். ஏன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பத்து நிமிடம் கொடு, ஸ்டூடியோவுக்குப் போய் வேறு மாதிரி செய்துகொண்டு வருகிறேன் என்றால் செமோரிலிருந்து ஜெலாப்பாங் போய்வர ஒரு மணி நேரமாவது ஆகும். பூசாரி கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடியப்போகிறதாம். துளசி வெள்ளைச் சேலையில் வந்து படத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பதிலுக்கு நானும் தலையசைத்தேன். ஒருவேளை கொஞ்சமாவது வரும், முழுக்கப் போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலைக்கு மேல் வெள்ளம் வந்த பிறகு அது சாணா முழமா என்று அளந்துகொண்டிருந்தேன்.

விக்னேஸ்வரன் தன் போனில் பாட்டைத் தட்டினான். நாயனம் வந்தது, கணீரென்று. பம்பை வந்தது. தவில் வந்தது. ஒவ்வொன்றும் வரும்போது அதை வாசித்தவன் தலை குனிந்தான். துளசி இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு எல்லா மேளமும் நின்றது. அந்த நாற்பது விநாடி வந்தது.

டக். டக்.

அவ்வளவுதான். குச்சி அடி மட்டும். முனகல் இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்துத் தடிக்காவில் பிள்ளைகள் மலாயில் எண்ணுவது கேட்டது. டக். டக். நாற்பது விநாடி எவ்வளவு நீளம் என்பதை நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். குழுவைத் தொடங்கிய பெரியவர் இராமசாமி எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர்தான் மெதுவாகச் சொன்னார், ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

"வாசிக்கிறான். பேச மாட்டேங்குறான்."

துளசி நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தத் தட்டு அவளுக்குத் தெரிந்த தட்டு. பன்னிரண்டு வருடம் அதோடு குடும்பம் நடத்தியவள். பாட்டு முடிந்ததும் பூசாரி உருமியை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அவள் அசையவில்லை.

"அவரு இன்னும் குடுக்கல. நான் எப்படிக் குடுக்குறது?"

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். "துளசி, இது ஸ்பீக்கர்க் கோளாறும்மா" என்றேன். துளசியின் அக்கா கலாதேவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஸ்பீக்கர் ரோசாக்னா எல்லாம்ல தம்பி போயிருக்கணும்? நாயனம் வந்துச்சு, தவில் வந்துச்சு. அவருது மட்டும் போவுமா?"

போகும் அக்கா, அவனுடையது மட்டும்தான் போகும், நான் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறேன் என்று அங்கேயே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் அறுபது பேர் நின்றார்கள். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். உருமி படத்துக்கு முன்னாலேயே இருந்தது.

திரும்பும்போது ஜெலாப்பாங் சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நின்றேன். அப்போது மண்டையில் உறைத்தது. ஒரு பக்கத்தை மூடியிருந்தால் போதும். போனிலேயே இருக்கிறது, இடம் வலம் நகர்த்தும் ஒரு கோடு. அதை விரலால் இடது ஓரத்துக்குத் தள்ளியிருந்தால் புரட்டிய நகல் போயிருக்கும், நேரான முனகல் முழுசாக வந்திருக்கும். மூன்று விநாடி வேலை. இருபத்திரண்டு வருடம் இந்தத் தொழிலில் சோறு தின்றவனுக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. ஸ்டியரிங்கில் கையால் ஓங்கி அடித்தேன். ஹாரன் அலறியது. முன்னால் மோட்டரில் இருந்த சீனக் கிழவர் திரும்பிப் பார்த்துக் கையை விரித்தார், விளக்கு இன்னும் சிவப்புதானே என்று.

ஒன்பது நாள் கழித்துக் கலாதேவி போன் செய்தாள்.

"தம்பி, இவ பேச மாட்டேங்குறா."

"யாரோட?"

"யாரோடயும். பதினாறாம் நாள்லேர்ந்து ஒரு வார்த்தை இல்ல. அவரு பேசுற வரைக்கும் நானும் பேச மாட்டேன்னு அன்னிக்கு சாமிக்கிட்ட சொல்லிட்டாளாம். என்ன வேணும்னாலும் மேசையத் தட்டுறா. மகளைக் கூப்பிடணும்னாலும் தட்டுறா. அந்தச் சின்னது தட்டுற சத்தம் கேட்டாலே ஓடிப் போய் ஒளிஞ்சிக்குது. சொந்தக்காரங்க எல்லாம் தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கொண்டு போய்க் காட்டுங்கறாங்க. எனக்குப் பயமா இருக்கு தம்பி. நீங்க வந்து பேசிப் பாருங்க. உங்கமேல அவருக்கு மரியாதை, அதனால இவளுக்கும் மரியாதை."

போனை வைத்ததும் மகேந்திரனின் பதிவைத் திறந்தேன். வலப்பக்க நகலைத் திருப்பிப் போட்டேன். நூற்றிருபதுக்குக் கீழே எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டு வந்தேன். அதற்கு மேலே இருந்ததை, அவன் கேட்டபடியே, தலையைச் சுற்றும் அளவுக்கு மட்டும் விரித்தேன். மோனோ பொத்தானை அழுத்தினேன். முனகல் நின்றது, இம்மியும் குறையாமல் நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அன்றைக்கு நான் செய்யாமல் விட்ட அரை மணி நேர வேலை, ஐந்து நிமிடம் மிச்சம். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, வால்கூட என் கையில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை விக்னேஸ்வரனிடமிருந்து அதே கரோக்கே பெட்டியை வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு செமோருக்குப் போனேன். கலாதேவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே பாலில்லாத தே ஓ தேநீர் கலக்கப் போனாள். துளசி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். உருமி சுவரோரம் படத்துக்குக் கீழே இருந்தது. என்னைப் பார்த்து எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

"துளசி, நீ பேச வேணாம். நான் சொல்றத மட்டும் கேளு," என்றேன். "அன்னிக்கு நடந்தது கோவம் இல்ல, கோளாறு. அவன் உருமி அந்தப் பாட்டுல ரெண்டு தடவை இருக்கு. ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். ஒரு கதவ உள்ளேர்ந்து ஒரு ஆளும் வெளியேர்ந்து ஒரு ஆளும் ஒரே பலத்துல தள்ளுனா, கதவு நகருமா? நகராது. ரெண்டு பேரும் தள்ளிக்கிட்டுத்தான் இருப்பாங்க, ஆனா பாக்குறவனுக்கு ஒண்ணுமே நடக்கல. அன்னிக்கு அதான்மா நடந்துச்சு."

பத்து நாளைக்குப் பிறகு அவள் வாயைத் திறந்தாள். குரல் தேய்ந்திருந்தது.

"அதத்தான்ணே நானும் சொல்றேன். உள்ள நான், வெளிய அவரு."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. கலாதேவி காது கொடுத்துக் கேட்கிறாள் என்று தெரிந்தது. இந்த உதாரணத்தை நான் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தேன்.

பேச்சு வேண்டாம், பாட்டைப் போட்டுவிடலாம் என்று பெட்டியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்தேன். நாயனம், பம்பை, தவில். எல்லாம் நின்றது. உருமி முனகியது. அந்தச் சின்ன வீட்டில் தண்ணீர்ப் பாத்திரங்கள் அதிர்ந்தன. துளசி எழுந்து வந்து பெட்டியின் வலைமேல் உள்ளங்கையை வைத்தாள். நாற்பது விநாடியும் கையை எடுக்கவில்லை. கண் நிறைந்து வழிந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. நான்கூட அழுதேன் என்று நினைக்கிறேன்.

பாட்டு முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இத எப்பண்ணே செஞ்சீங்க?"

"நேத்து."

"ம்." திரும்பி வந்து உட்கார்ந்தாள். "அவரு சொல்லியிருக்காருண்ணே. இல்லாத சத்தத்தக்கூட நீங்க வர வைப்பீங்கன்னு."

"ஐயோ, இல்லம்மா. இது அவன் வாசிச்சது. நான் ஒண்ணும் சேக்கல." என் போனை எடுத்தேன். இயர்போனை மாட்டினேன். "இது பழைய பாட்டு. போன வருஷம் வெளிய வந்தது, இன்னிக்கு வரைக்கும் யாரும் கை வைக்கல. அவன் உன்னைக் கேக்கச் சொன்னது இதத்தான். ரெண்டு காதுலயும் மாட்டு."

அவள் இயர்போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். பிறகு மாட்டினாள். மகேந்திரன் கண்ணை மூடிய அதே இடத்தில் அவளும் கண்ணை மூடினாள். கழுத்தை லேசாகத் திருப்பினாள், சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தேடுவது போல.

"இருக்குண்ணே," என்றாள்.

"இருக்குல்ல? நான்தான் சொன்னேனே!"

"உசுரோட இருந்தப்ப இருந்திருக்கு." இயர்போனைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, என் பக்கம் தள்ளினாள். "அப்ப கேளு கேளுன்னு கெஞ்சுனாரு. நான் கேக்கல. பதினாறாம் நாளு, எல்லாரும் கேட்டோம். எடுத்துட்டாரு."

"எடுத்தது அவன் இல்லம்மா, நான்! நான்தான் எடுத்தேன். விரிச்சா போயிரும்னு எனக்குத் தெரியும். பொத்தான அழுத்திப் பாத்தேன், போச்சு, தெரிஞ்சே விட்டேன். சோம்பேறித்தனம். அன்னிக்கு ஹால்லயும் தெரியும், வாயத் தொறக்கல. செருப்பால அடிக்கணும்னா என்னைய அடி."

கத்திவிட்டேன் போலிருக்கிறது. உள்ளறையில் மகள் அழ ஆரம்பித்தாள். துளசி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்தாவது எழுந்திருப்பேன். அவளுக்கு என்மேல் பாவமாக இருந்தது.

"நல்லவருண்ணே நீங்க," என்றாள். "எனக்காவ பழிய உங்க மேல போட்டுக்கிறீங்க. அவரும் அப்படித்தான் சொல்வாரு, அண்ணன் வாய்தான் கத்தும், மனசு தங்கம்னு."

"துளசி, சத்தியமா சொல்றேன்..."

அவள் தலையை மெதுவாக ஆட்டினாள். பேசியது போதும் என்பது போல உதட்டை மூடிக்கொண்டாள். கலாதேவி தே ஓ கொண்டு வந்து என் முன்னால் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையிடம் போனாள். என்னிடம் இன்னும் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். உண்மையைச் சொல்லிவிட்டேன், நிரூபித்தும் காட்டிவிட்டேன், குற்றத்தை ஒப்புக்கொண்டும் விட்டேன். மூன்றில் ஒன்றும் அவளிடம் போய்ச் சேரவில்லை.

துளசி நடுவிரலை மடக்கி மேசையில் இரண்டு முறை தட்டினாள்.

என்ன கேட்கிறாள் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். பிறகு புரிந்தது. தே ஓ ஆறிக்கொண்டிருந்தது. எடுத்துக் குடித்தேன்.